மொபெட்டுக்கு முதல் குங்குமம்

காரின் சக்கர மூடிகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக மடியில் வைத்து, திருநீறு தொட்டுப் பழைய வேட்டித் துணியால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். முறையாக அழைக்காத இடத்துக்கு எங்கள் கார் போகாது. அழைத்த இடத்துக்கே போனாலும், மூடி மங்கலாக இருந்தால் தெருமுனையில் நின்றுவிடும். அதனால் அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் வெள்ளிக்கிழமை தேய்த்து வைத்துவிடுவேன். புளி போட்டால் கறுத்துப்போகிறது. திருநீறுதான் சரி.

பழைய இங்கிலீஷ் கார் அது. நீளம் அதிகம். தலை கொட்டகைக்குள் இருந்தால் வால் முருங்கை மரத்தடியில் இருக்கும். உள்ளே முன்பக்கமெல்லாம் மெருகு போட்ட மரப்பலகை. சீட்டு எல்லாம் தோல். பலகையின் நடுவில் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. அது அதன் ஊர் நேரத்தைத்தான் காட்டும். நான் மத்தியானச் சோறு வடிக்கிற வேளையில்தான் அதற்கு விடியும். அந்த நேரத்தில் அதன் கதவை அடித்துச் சாத்தக் கூடாது. கார் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றபடி துடைக்கத் தெரியும்.

எங்கள் வீட்டுக்காரர் பேர் உத்தண்டராமன். கோவில்பட்டியில் மைக் செட், டியூப் லைட் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறார். அவருக்குக் கார் வாங்குகிற எண்ணம் வந்தது என் சித்தப்பா மகள் கல்யாணத்தில். கழுகுமலையில், என் பிறந்த வீட்டுக்குப் பக்கத்து மண்டபம். நாங்கள் மொபெட்டில் போய் இறங்கினோம். வாசலில் நின்ற சித்தப்பா இவரைப் பார்த்ததும், "வந்துட்டீகளா, நல்லதாப் போச்சு. மைக்கு கொரகொரங்குது, என்னன்னு பாருங்க" என்றார். மருமகனாகப் போனவர் புதுச்சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மேடைக்கு அடியில் ஊர்ந்து போனார். ஒயரைச் சரிபண்ணி வெளியே வரும்போது முதல் பந்தி எழுந்திருந்தது. இரண்டாவது பந்தியில் கை கழுவுகிற தொட்டிப் பக்கம் உட்கார வைத்தார்கள். பாயசம் அவர் இலைக்கு வரும்போது வாளி காலி.

திரும்பும்போது, எங்கள் தெரு வந்ததும் மொபெட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"இனிமே ஒங்க வீட்டு வாசல்ல பெரிய கார்லதான் வந்து எறங்குவேன். இல்ல, எறங்கவே மாட்டேன்."

சரி என்றேன். அப்போது பாப்பா என் வயிற்றில் இருந்தாள். பிரசவத்துக்கு நான் அங்கே போகவில்லை. அம்மாதான் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். இப்போது பாப்பா ஓடுகிறாள். இன்னும் நான் போகவில்லை.

பெரிய காரில் இவர் கைக்கு எட்டுகிற விலையில் இருந்தது பழைய இங்கிலீஷ் கார் ஒன்றுதான். வாங்குவதற்கு எளிது, வைத்துக்கொள்வதுதான் பாடு என்று கடைத்தெருவில் எல்லாரும் சொன்னார்கள். இவர் கேட்கவில்லை. தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்து பங்களா ஒன்றில் அது நின்றது. என்னையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார். பங்களாக்காரர் தோளில் துண்டோடு வந்து எங்கள் கைகளைப் பார்த்தார்.

"தட்டு கொண்டாரலையா?"

"என்ன தட்டு?" என்றார் இவர்.

"வெத்தல, பாக்கு, பழம், குங்குமம். வெறும் சாவிய வாங்கிட்டு எப்படிக் கூட்டிட்டுப் போவீக? அது எப்படி வரும்?"

அதுவும் சரிதான் என்று இவர் தென்காசி பஜாருக்குத் திரும்பிப் போனார். அவர் வருகிற வரைக்கும் நான் காருக்கு எதிரே பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். பங்களாக்காரர் தூணில் சாய்ந்துகொண்டு பேசினார்.

"எம் மகன் கல்யாணத்துக்கு இதுக்குச் சொல்ல மறந்துட்டோம் தாயி. வீட்டுல இருக்கறதுதானன்னு நெனச்சுட்டோம். அதுல இருந்து இந்த வீட்டுல அது ஒருத்தரோடயும் பேசல. நல்ல வண்டி. ரோசம் மட்டும் கொஞ்சம் கூட."

தட்டு வந்தது. சுமங்கலி கையால்தான் வைக்க வேண்டும் என்றார்கள். எனக்கு யாரையும் முகம் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை. பானெட்டின் நடுவில் குங்குமம் வைத்து, "எங்க வீட்டுக்கு வாங்க" என்றேன். குரல் வெளியே வரவில்லை. இவர் முறைத்தார். இன்னொரு தடவை சொன்னேன். இவர் சாவியைப் போடுவதற்கு முன்னாடியே கார் உறுமிப் புறப்பட்டது. நாங்கள் ஓடிப்போய் ஏறினோம்.

வீட்டுக்கு வந்ததும் கொட்டகையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாம் வீட்டுக்குள் வந்தன. அதற்கு நடுவில் பாய் போட்டு நாங்கள் படுத்தோம். கொட்டகை காருக்கு. மொபெட் வெளியே, கேட்டுக்குப் பக்கத்தில்.

அதை வைத்துப் பார்ப்பது எனக்கு இரண்டாவது பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டும். அடியில் தாம்பாளம் வைத்து எடுத்துக் கொட்ட வேண்டும். மழை விழுந்தால் அதற்குத் தன் ஊர் ஞாபகம் வந்துவிடும். விளக்கு எரியாது, ஹார்ன் அழுத்தினால் பெருமூச்சு மாதிரி ஏதோ வரும். அதனால் மேகம் கறுத்தால் கொடியில் கிடக்கும் பாப்பா துணியை விட்டுவிட்டு முதலில் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். பெட்ரோல் பங்குக்கு அது போகாது, பங்குக்காரர் வந்து அழைத்ததில்லை. இவர் கேனில் வாங்கி வந்து ஊற்றுவார். மெக்கானிக் ஜெபமணி அண்ணன் மட்டும் முறை தெரிந்தவர். காரைத் தன் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப் போக வேண்டுமென்றால் தட்டோடுதான் வருவார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரராக இருந்தாலும் குங்குமத்தை என் கையில் கொடுத்து வைக்கச் சொல்லுவார்.

"வேற வண்டின்னா ஸ்பேனர் போதும்" என்பார். "இதுக்கு வெத்தலைக் கொடிக்கால் வச்சாத்தான் கட்டுப்படியாகும்."

அப்படியும் கார் வீட்டில் சும்மா நிற்கவில்லை. அதுதான் எனக்கு அலுப்பு. மைக் செட்டுக்குச் சொல்ல வருகிறவர்கள் கொட்டகையில் அதைப் பார்த்தார்கள். இப்படி ஒரு கார் வாசலில் நின்றால் கல்யாணம் எடுப்பாக இருக்கும் என்று அதற்கும் ஒரு பத்திரிகை வைத்தார்கள். கார் புறப்பட்டது. கார் போனால் இவர் போக வேண்டும். இவர் போனால் நான் பின்சீட்டில் பாப்பாவோடு உட்கார வேண்டும். எட்டயபுரத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் பால்காய்ப்பு. விளாத்திகுளத்தில் யாருக்கோ காதுகுத்து. முன்பின் தெரியாதவர்கள் எனக்குச் சந்தனம் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு நான் என்ன முறை என்று கேட்டார்கள். கார் முறை என்று சொன்னேன். ரொம்பச் சந்தோஷம் என்று பன்னீர் தெளித்தார்கள்.

இவருக்கு இப்போதெல்லாம் முதல் பந்தி. நான் இலையில் உட்காரும்போதெல்லாம் கழுகுமலையை நினைத்துக்கொள்வேன். இத்தனை தெரியாத வீட்டில் சாப்பிடுகிறோமே, அம்மா கையால் ஒரு வாய் இல்லையே என்று இருக்கும். சொல்லமாட்டேன். கழுகுமலையில் இருந்து அழைப்பு வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தது. என் தம்பி கனகவேலுக்குக் கல்யாணம்.

எங்களில் தாலி கட்டும்போது மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போடுவான். மூன்றாவது முடிச்சு அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டும். கனகவேலுக்கு நான் ஒருத்திதான். அவன் சின்னப் பிள்ளையில், டவுசர் நாடாவைக் கட்டத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவருவான். "எங் கல்யாணத்துக்கும் நீதான் முடிச்சுப் போடணும்" என்று நான் கட்டிவிடும்போது சொல்லுவான். பெண் யாரென்று தெரிவதற்கு முன்னாடியே அந்த முடிச்சு எனக்கு என்று ஆகிவிட்டது.

பத்திரிகை வைக்க அவனே வந்தான். அப்பா இல்லை, அம்மாவுக்கு முட்டி வலி. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கேட்டுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் தட்டோடு நிற்கிறான். வெயிலில் முகம் கறுத்து, மீசை புதுசாகத் திருத்தியிருந்தான். அவனும் என்னை மாதிரிதான், ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பான். அன்றைக்கு மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதில்தான் அவன் வண்டி ஓட்டப் பழகினான். அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்திருக்கிறது. தட்டில் இருந்த குங்குமத்தைத் தொட்டு அதன் ஹெட்லைட்டில் ஒரு பொட்டு வைத்து, "நீயும் வந்துரணும், என்ன?" என்றான்.

கொட்டகைக்குள் காரின் நான்கு கதவும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

சாப்பாட்டுக்கு வந்த இவர் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டார்.

"ஏ மாப்ள, என்ன காரியம் பண்ணிட்ட?"

"என்ன அத்தான்?"

"யாருக்கு மொதல்ல வச்ச?"

கனகவேல் கொட்டகையைப் பார்த்தான். வேகமாகப் போய், கை நிறையக் குங்குமத்தை அள்ளி பானெட்டில் அப்பினான். ஒட்டவில்லை. தூசி மாதிரி வழுக்கிக் கீழே விழுந்தது.

"வேணும்னு செய்யல அத்தான். அது வாசல்ல நின்னுச்சு."

"வாசல்ல நின்னா? வாசல்ல செருப்புங் கெடக்கு, அதுக்கும் ஒரு பொட்டு வச்சிரு."

பக்கத்து வீட்டுக் குருவம்மாக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "பெரிய மனுசன உள்ள ஒக்கார வச்சிட்டு எடுபிடிக்கு வெத்தல குடுத்தா யாருக்குத்தான் கோவம் வராது? ஏ செம்பகம், ஒந் தம்பிக்கு ஒரு வாய் தண்ணியாவது குடு, நாக்கு ஒட்டிப்போய் நிக்கான்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னை மட்டும் பார்த்து, "யக்கா, நீ வந்துருவேல்ல?" என்றான். நான் சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். பாப்பா கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஜெபமணி அண்ணன் வந்து பானெட்டைத் திறந்து பார்த்தார். "இன்ஜின்ல ஒண்ணும் இல்ல தாயி. மனசுல தங்கிருச்சு. தப்புப் பண்ணுன கையே திரும்ப வந்து வைக்கணும். மொபெட்ட எங்கயாவது கண்ணுக்கு மறைவா நிறுத்திட்டு, இது ஒண்ணுதான் இந்த வீட்ல வண்டின்னு வச்சாத்தான் எறங்கி வரும்."

கனகவேலுக்குப் போன் போட்டேன். ஆனால் அன்றைக்குக் காலையில்தான் பந்தக்கால் நட்டுக் கையில் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிய மாப்பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லைக்கல் வரைக்கும் வந்து நிற்கட்டுமா என்று கேட்டான். கார் எல்லைக்கல் வரைக்கும் போகுமா என்று இவரைக் கேட்டேன்.

"எல்லைக்கல்லு வந்து அழைச்சா போகும்" என்றார்.

"அப்ப பஸ்ல போவமா?"

"பஸ்ல போயா? நான் எறங்குன ஒடனே பின்னால ஸ்பீக்கர் பெட்டி வருதான்னு எட்டிப் பாப்பாங்க ஒங்க சித்தப்பா. கார் வந்தா நான் வாரேன். நான் வந்தா நீ வருவ."

நான் அடுப்படிக்குப் போனேன். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. மேடைக்கு அடியில் ஊர்ந்தது அவர்தான். ஆனால் ஒரு வீட்டில் ரோசப்படுகிறவர்கள் இரண்டு பேர் இருந்தால் இருவருக்கும் காபி கொண்டுபோகிறவளுக்குக் கால் வலிக்கிறது.

ஒரு மத்தியானம் இவர் கடைக்குப் போனபின், பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு, காருக்குள் போய் உட்கார்ந்தேன். கடிகாரத்தில் அப்போதுதான் அதற்கு விடிந்திருந்தது. நான் யாரிடமும் அவ்வளவு பேசினதில்லை. டவுசர் நாடா விஷயத்தைச் சொன்னேன். அம்மா முட்டியைச் சொன்னேன். "தப்புதான். சின்னப் பையன், தெரியாமப் பண்ணிட்டான். அவனுக்காக நான் கேட்டுக்கிடுதேன். வந்துட்டு வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிருவோம்" என்றேன். மரப்பலகையைச் சேலை முந்தியால் துடைத்தேன். கார் பொறுமையாகக் கேட்டது. கடைசியில் கண்ணாடித் துடைப்பான் இடதுபக்கம் ஒரு தடவை போய், வலதுபக்கம் ஒரு தடவை வந்து படுத்துக்கொண்டது.

கல்யாணத்தன்று விடியலில் எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். பட்டுச்சேலையைக் கட்டினேன். போகாவிட்டாலும் கட்டியிருக்கலாம் என்று தோன்றியது. பாப்பாவுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வரும்போது மொபெட்டைக் காணோம். அதற்கு முறையாக அழைப்பு இருந்தது, நேரத்தோடு புறப்பட்டுப் போயிருந்தது. எதிர்வீட்டில் பால் ஊற்றுகிறவர் பார்த்தாராம், சாத்தூர் ரோடு பக்கம் திரும்பாமல் நேரே கழுகுமலை ரோட்டில் ஏறியதாம்.

சாயங்காலம் திரும்பி வந்தது. ஹாண்டில்பாரில் தாம்பூலப் பை தொங்கியது. சீட்டில் சந்தனம். இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு என் அம்மாவுக்குப் போன் போடச் சொன்னார், தானே பேசமாட்டார்.

"மொபெட்ட எத்தனாவது பந்தியில ஒக்கார வச்சாகன்னு கேளு."

கேட்டேன். முதல் பந்தி என்றாள் அம்மா. மாப்பிள்ளை வீட்டு வரிசையில், சித்தப்பாவுக்குப் பக்கத்து இலை. இவர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

அம்மா அதற்கப்புறம் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. போனில் மேளச் சத்தமாக இருந்தது. இன்னுமா மேளம் என்று கேட்டேன்.

"பெறகு? முடிச்சு முடியலையேடி" என்று அம்மா கத்தினாள். "ரெண்டு முடிச்சுப் போட்டான். மூணாவதுக்கு ஆள் இல்ல. ஒங்க சித்தப்பா மகளப் போடச் சொன்னோம், நிக்கல, நழுவிருது. ஒனக்குன்னு சொன்ன முடிச்சு, வேற கைக்கு எப்படி நிக்கும்? ஒந் தம்பி கயித்து நுனி ரெண்டையும் பிடிச்சிக்கிட்டு பொண்ணுக்குப் பின்னால நிக்கான். கெட்டி மேளம்னு சொல்லியாச்சு, முடிச்சு விழாம எப்படி நிறுத்துவாக? மேளகாரங்களுக்கு ஆள் மாத்தி ஆள் மாத்தி இட்லி ஊட்டிக்கிட்டு இருக்கோம்."

"பொண்ணு?"

"நல்ல பிள்ளடி மாரீஸ்வரி. முனங்கல. தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் ஒக்காந்திருக்கா. இவன்தான் கை வலிக்குங்கான்."

மறுநாளும் மேளம் நிற்கவில்லை. காற்று மேற்கே இருந்து அடித்தால் எங்கள் வீட்டிலேயே கேட்டது. கல்யாணத்துக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். அட்சதையை இன்னும் போடவில்லை என்பதால் வலது கையை மூடியபடியே திரும்பினார்கள். குருவம்மாக்கா மருமகன் போயிருந்தார். கையை மூடிக்கொண்டே கடைக்குப் போனார், மூடிக்கொண்டே பஸ்ஸில் தொங்கினார். குருவம்மாக்கா மகள் அவருக்குச் சோறு ஊட்டினாள்.

"ஏ செம்பகம்" என்றாள் குருவம்மாக்கா சுவருக்கு மேலே. "இவரு கையத் தொறக்கற மாதிரி சீக்கிரமா ஒரு வழி பண்ணு தாயி. எம் மகளுக்கு ஊட்டி ஊட்டியே இடுப்பு போச்சு."

கடைத்தெருவில் மூடின கையோடு போகிறவர்கள் என்னைப் பார்த்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கையை ஒரு தடவை பார்ப்பார்கள், என்னை ஒரு தடவை பார்ப்பார்கள். காய்கறிக்காரர் இடது கையால் வெண்டைக்காய் நிறுத்துக் கொடுத்தார். எனக்கு வெளியே போகவே கூச்சமாக இருந்தது. இருக்கிற பருப்பை வைத்துச் சமாளித்தேன்.

இன்று காலை மேளம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. காற்று என்று நினைத்தேன். காற்று நின்றபிறகும் கேட்டது. குளிக்கும்போது இன்னும் பலமாக இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டால், "பாதித் தாலி ஏறியாச்சு, எல்லையத் தாண்டலாம்னு பூசாரி உத்தரவு குடுத்துட்டாரு. ரெண்டு பேரும் அங்கதான் நடந்து வாராக" என்றாள். பஸ்ஸில் வந்திருக்கலாமே என்றேன். பஸ்ஸில் மேளகாரர்களை ஏற்றமாட்டேன் என்கிறார்களாம்.

சரி, வருகிறார்கள் என்று வாசல் தெளித்தேன். வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று சக்கர மூடிகளைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டைத் தேய்த்து மாட்டியும் விட்டேன். மூன்றாவது மடியில் இருக்கும்போது கார் தொண்டையைச் செருமியது.

இவர் ஓடி வந்தார். பானெட்டில் காதை வைத்துக் கேட்டார்.

"ஏளா, கேட்டியா? மேளத்தோட வாராக! மேளத்தோட வந்து அழைக்காக! தட்டு வச்சு அழைக்கறதவிட இது பெரிய மரியாதை." அவர் கண் கலங்கியிருந்தது. உள்ளே போய்ப் பட்டுவேட்டி கட்டி, மாமனார் வீட்டுக்கு என்று மடித்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அதற்குள் கார் தானே கொட்டகையை விட்டுப் பின்வாங்கி, கேட்டுப் பக்கம் திரும்பி நின்றது. பின்கதவு எனக்காகத் திறந்திருந்தது.

"ஏறு."

"அவங்க இங்கதான வாராக?"

"அழைக்க வருவாக. கல்யாணம் மண்டபத்துல. நாம மண்டபத்துலதான் போய் எறங்கணும். ஏறு, ஏறு, மொதப் பந்தி போயிரும்."

எத்தனையோ பேர் வீட்டுக்கு அந்தக் கதவு வழியாக ஏறிப் போயிருக்கிறேன். தோல் சீட்டு வெயிலில் சூடாகி மணத்தது. நான் ஏறவில்லை. மூடி தேய்க்க வேண்டியிருக்கிறது என்றேன். எனக்கும் அவரிடம் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை, அவருக்கும் கேட்டுப் பழக்கமில்லை. கார் காத்திருக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு புறப்பட்டது. அவர் ஓடிப்போய் முன்னால் தொற்றினார். ஒரு பக்கம் மூடி மினுக்க, ஒரு பக்கம் மூடி இல்லாமல், தெருவை அடைத்துக்கொண்டு கழுகுமலைக்குப் போனது.

போகிற வழியில் கல்யாணம் எதிரே வந்ததாம். குருவம்மாக்கா மருமகன் ஓடி வந்து சொன்னார். மேளகாரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்களாம். கார் ஹார்ன் அடித்துக் கும்பிட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். மண்டபத்தில் இப்போது ஒருவரும் இல்லை. இலை மட்டும் போட்டிருக்கிறது. முதல் வரிசை முழுக்கக் காலிதான்.

நான் மூன்றாவது மூடியை முடித்துவிட்டு நான்காவதை எடுத்தேன். மேளம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. ஆனால் மாரீஸ்வரி வந்துவிட்டாள். கூரைப்பட்டும் மாலையுமாக, தலையைக் குனிந்தபடி, எங்கள் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். நான் அவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பாதம் எல்லாம் புழுதி. இளம் பிள்ளை, வேகமாக நடந்திருக்கிறாள். கனகவேல் கை வலியில் மெதுவாக நடந்ததால் தாலிக்கயிறு நீண்டுவிட்டது. அவள் கழுத்தில் இருந்து மஞ்சள் கயிறு இரண்டு இழையாகத் தெரு வழியே போய், பிள்ளையார் கோவிலில் திரும்பி, பஸ் ஸ்டாண்டு தாண்டிப் போகிறது. பஸ் வந்தால் டீக்கடைக்காரர் மூங்கிலால் தூக்கிப் பிடிக்கிறார். ரயில் வந்தால் கேட்கீப்பர் பார்த்துக்கொள்கிறாராம். குருவம்மாக்கா அதற்குள் ஒரு ஈரச்சேலையை அதில் காயப்போட்டிருக்கிறாள். அவள் மருமகனும் இன்னும் நாலைந்து பேரும் மூடின கையை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு என் வாசலில் நிற்கிறார்கள்.

நுனி அங்கே இருக்கிறது. முடிச்சு இங்கே போட முடியாது. யார் போய் அவனைக் கூட்டி வருவது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். கையில் எல்லாம் திருநீறு. கழுவலாமா, இதையும் முடித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, அவள் குனிந்த தலையை முதன்முதலாக நிமிர்த்தி, "மதினி, ஒங்களத்தான், வாங்க" என்கிறாள். நான் மூடியைக் கீழே வைத்து, பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கயிற்றை ஒரு கையால் பிடித்தபடி பிள்ளையார் கோவில் பக்கமாக நடக்கிறேன்.